பிரதி எண் ஒன்று

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அவர் போர் அறிவித்தார். வாயில் பிரஷ் இருந்ததால் அறிவிப்பு கொஞ்சம் நுரையோடு வந்தது.

"இந்தக் குடும்பத்துல ஒரு கறுப்பு ஆடு இருக்கு. அடுத்த ஞாயித்துக்கிழமைக்குள்ள பிடிச்சுக் காட்டறேன்."

மனைவி காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். "வாயைக் கொப்பளிச்சுட்டுப் பிடிங்க" என்றாள்.

அவர் நகர வரைபட அலுவலகத்தில் பிரதிகள் பிரிவுக்குத் தலைவர். எந்த வரைபடத்தின் நகலும் அவர் முத்திரை விழாமல் வாசலைத் தாண்ட முடியாது. அதனால் அலுவலகத்தில் அவருக்குப் பெயரே முத்திரை என்றாகிவிட்டது. இருபத்தாறு வருடம் முத்திரை குத்தியதில் வலது கட்டைவிரலில் எப்போதும் ஊதா மை ஒட்டியிருக்கும். போனைத் திறக்க அந்த விரலை வைத்தால் போன் அவரை யாரோ என்று பார்க்கும். ஈரத்துணியால் அழுத்தித் துடைத்து வைத்தால்தான் வீட்டுக்காரர் என்று ஒப்புக்கொள்ளும்.

அவருக்கு இன்னொரு பெருமையும் இருந்தது. ஐம்பத்துமூன்று வயதிலும் தலையில் ஒரு நரை கிடையாது. கேட்கிறவர்களிடமெல்லாம், "மனசுல கள்ளம் இல்லைன்னா முடி நரைக்காது" என்று சொல்லிக்கொண்டிருந்தார். கேட்காதவர்களிடமும் சொன்னார்.

போன வாரம் அந்தக் கள்ளமற்ற மனசு சந்தி சிரித்தது. குளியலறை வாசலில் ஸ்டூல் போட்டு, தலை நிறையச் சாயம் பூசி, அதன் மேல் பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு, குனிந்து கால் நகம் வெட்டிக்கொண்டிருந்த அவருடைய படம் குடும்பக் குழுவில் வந்துவிட்டது. சாயம் ஒரு காதோரம் வழிந்து, அவரே மை கொட்டிய வரைபடம் மாதிரி இருந்தார். முப்பத்தெட்டு உறவினர்களும் சிரித்து முடித்த பிறகு படம் எப்படியோ அலுவலகம் போய்ச் சேர்ந்தது. அன்றிலிருந்து அங்கே எல்லாரும் அவர் முகத்தை விட்டுவிட்டு இரண்டு அங்குலம் மேலே பார்த்துப் பேச ஆரம்பித்தார்கள்.

இதில் பெரிய சிக்கல் வேறு. அடுத்த ஞாயிறு கழிந்த மறுநாள், திங்கட்கிழமை, புதிதாகச் சேர்ந்த பதினொரு பேருக்கு அவர் வகுப்பெடுக்க வேண்டும். தலைப்பு, ஆவணங்களின் ரகசியம் காப்பது எப்படி. சொந்தத் தலையின் ரகசியத்தைக் காக்கத் தெரியாதவர் அவர்கள் முன்னால் எந்த முகத்தோடு நிற்பார்? திருடனைப் பிடித்துவிட்டால் அந்தக் கதையையே வகுப்பில் சொல்லி மானத்தை மீட்டுவிடலாம் என்று கணக்குப் போட்டார்.

விசாரித்தார். குழுவில் போட்டவள் அவருடைய பெரியம்மா. அவளுக்கு யார் அனுப்பினார்கள் என்று கேட்டால், போன் கனக்காமல் இருக்க வேண்டும் என்று தினமும் சாயங்காலம் எல்லாவற்றையும் அழித்துவிடுவதாகச் சொன்னாள். அத்தோடு தடயம் அறுந்தது. இருந்தாலும் அவர் மனதில் ஒரே ஒரு ஆள்தான். அந்த ஆள் இப்போது தலையணை உறைகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

ஆதாரம் வேண்டுமே. அதற்குத்தான் அலுவலகத்தில் ஒரு மாதம் முன்பு வந்த கருவி இருந்தது. வாட்டர்மார்க் போடும் கருவி. கண்ணுக்குத் தெரிகிற முத்திரை இல்லை அது. படத்தின் புள்ளிகளுக்குள்ளேயே ஒரு ரகசியக் குறியைக் கலந்துவிடும். ஒவ்வொரு பிரதிக்கும் பெற்றவர் பெயரில் தனித்தனிக் குறி. பார்த்தால் எல்லாம் ஒரே படம்தான். படத்தை வெட்டினாலும் சுருக்கினாலும், போனில் தெரிவதை இன்னொரு போனால் படம் பிடித்தாலும் குறி போகாது. வெளியே கசிந்த படத்தைக் கருவிக்குள் போட்டால் யாருடைய பிரதி என்று அதுவே காட்டிக்கொடுத்துவிடும். மூன்று நாள் பயிற்சிக்குப் போய் வந்ததிலிருந்து அவர் அதன் புகழைத்தான் பாடிக்கொண்டிருந்தார்.

ஆனால் ஊரெல்லாம் சுற்றிவிட்ட பழைய படத்துக்குக் குறி போட்டுப் பயனில்லை. புதுப் படம் வேண்டும். பழையதை விடக் கேவலமானதாக இருந்தால்தான் திருடனுக்குக் கை அரிக்கும்.

புதன்கிழமை விடுப்பு எடுத்தார். வீட்டில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து மனைவியின் பூப்போட்ட நைட்டியை மாட்டிக்கொண்டார். முகம் முழுக்கப் பச்சைக் களிம்பு பூசினார். இரண்டு கண்ணிலும் வெள்ளரிக்காய் வில்லை வைத்தார். போனை அலமாரியில் சாய்த்து, பத்து விநாடி கெடு வைத்துவிட்டு ஓடி வந்து சோபாவில் சாய்ந்தார். வெள்ளரிக்காய் கண்ணை மறைத்ததில் முதல் மூன்று முறையும் வேறெங்கோ சாய்ந்து, படத்தில் வெறும் சோபா மட்டும் விழுந்தது. நான்காவது முறை பிரமாதமாக வந்தது. அதைப் பார்த்ததும் அவருக்கே தன் மேல் இருந்த மரியாதை குறைந்தது. திருடனைப் பிடிப்பதற்காகப் புதையலைத் தானே செய்து வைத்த மனிதர் உலகத்தில் அவர் ஒருவராகத்தான் இருப்பார்.

அன்று சாயங்காலம் கூடத்தில் லேப்டாப்பைத் திறந்து உட்கார்ந்தார். கருவி ஒவ்வொன்றாகக் கேள்வி கேட்கும், இவர் பதில் தட்ட வேண்டும். அவருடைய அலுவலகத்தில் ஒருவர் உரக்கப் படிக்க இன்னொருவர் பதிவது வழக்கம். படிக்கிறவர் எப்போதும் இவர். அதனால் உரக்கப் படிக்காமல் எதையும் தட்ட அவருக்கு வராது. இரண்டு ஆள் வேலையையும் ஒரே ஆளாகச் செய்தார்.

"பிரதி எண் இரண்டு. பெற்றவர், மனைவி. பதி. பிரதி எண் மூன்று. பெற்றவர், மகள். பதி."

நான்காவது மச்சினனுக்கு. ஐந்தாவது அவருடைய அக்காவுக்கு. பிரதி கொடுக்கிற அதிகாரி தன் பிரதிக்கும் குறி போட்டாக வேண்டும் என்பது அலுவலக விதி. அந்த விதியை எழுதியவரே இவர்தான். ஆகவே எல்லாவற்றுக்கும் முன்னால், "பிரதி எண் ஒன்று. பெற்றவர், குடும்பத் தலைவர். பதி" என்று கணீரென்று சொல்லித் தன்னுடையதை முடித்து, அந்தப் பிரதியைத் தன் போனில் வைத்திருந்தார்.

நான்கடி தள்ளி மனைவி இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். தலை நிமிரவே இல்லை. அவளுக்கு இந்தத் தொழில்நுட்பமெல்லாம் எங்கே புரியப் போகிறது என்று அவர் அனுதாபத்தோடு நினைத்துக்கொண்டார்.

நான்கு பேருக்கும் படம் போனது. ஒவ்வொருவருக்கும், சும்மா விளையாட்டுக்கு எடுத்தேன், உங்களுக்கு மட்டும்தான் அனுப்புகிறேன், யாருக்கும் காட்ட வேண்டாம் என்று ஒரு வரி. மனைவி தன் போனில் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"நைட்டியில அக்குள்கிட்ட தையல் விட்டிருக்கு. நேத்து வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு" என்றாள்.

மறுநாள் அவர் ஃபிரிட்ஜ் கதவில் ஒரு தாளை ஒட்டினார். அதில் இரண்டு விதிகள். ஒன்று, இதே போன்ற படம் இனிமேல் வெளியே போனால் கருவி சொல்வதே இறுதித் தீர்ப்பு. இரண்டு, குற்றவாளி இந்த வீட்டில் ஒரு வருடம் பாத்திரம் துலக்க வேண்டும், மச்சினனாக இருந்தாலும் வந்து துலக்க வேண்டும். பாத்திரம் யார் முறை என்று மூன்று வருடமாக அந்த வீட்டில் ஓயாத தகராறு. ஒரே கல்லில் இரண்டையும் தீர்த்துவிட நினைத்தார். மனைவி தாளைப் படித்துவிட்டு ஒரு சந்தேகம் கேட்டாள்.

"என் போன் மேஜை மேல கிடக்கும். வேற யாராவது எடுத்து அனுப்பிட்டா?"

இந்தச் சாக்கு வரும் என்று அவருக்குத் தெரியும். காத்திருந்தவர் மாதிரி பேனாவை எடுத்து மூன்றாவது விதியைச் சேர்த்தார். பிரதி யார் பொறுப்பில் இருக்கிறதோ அவரே குற்றவாளி. போனை யார் எடுத்தார்கள், எப்படி எடுத்தார்கள் என்ற பேச்சுக்கே இடமில்லை.

"இதுல கையெழுத்துப் போடறியா?"

"நீங்க முதல்ல போடுங்க. குடும்பத் தலைவர் ஆச்சே."

போட்டார். அடியில் முத்திரையும் குத்தினார்.

வெள்ளி போனது. சனி போனது. தூண்டிலில் ஒரு அசைவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டுவிட்டு சோபாவில் வலது கையைத் தொங்கவிட்டபடி ஒரு தூக்கம் போட்டார். எழுந்தபோது மனசுக்குச் சுகமாக இருந்தது. கட்டைவிரல் கூட அன்றைக்குச் சுத்தமாக, குழந்தை விரல் போல இருந்தது. நல்ல சகுனம் என்று எடுத்துக்கொண்டார்.

ஐந்து மணிக்குக் குடும்பக் குழுவில் வெள்ளரிக்காய் வந்து இறங்கியது. போட்டவள் பெரியம்மாதான். அவர் துள்ளி எழுந்தார். மகளைக் கூப்பிட்டு லேப்டாப்பை டிவியோடு இணைக்கச் சொன்னார். மச்சினனும் அக்காவும் வீடியோவில் வரவேண்டும் என்று உத்தரவு போட்டார். மனைவி கையைத் துடைத்துக்கொண்டு வந்து ஓரமாக உட்கார்ந்தாள். அந்த அடக்கத்தைப் பார்த்து அவருக்குக் கொஞ்சம் பாவமாகக் கூட இருந்தது. ஒரு வருடத் தண்டனையை ஆறு மாதமாகக் குறைக்கலாமா என்று யோசித்தார்.

முதலில் கருவியின் மகிமையைப் பற்றிப் பத்து நிமிடம் பேசினார். இது பொய் சொல்லாது, ஆள் பார்க்காது, இதை ஏமாற்ற இன்னும் ஒருத்தன் பிறக்கவில்லை. மச்சினன் கொட்டாவி விட்டான். பிறகு படத்தைக் கருவிக்குள் போட்டு, விரலை உயரத் தூக்கி, 'சோதி' என்ற பொத்தானை அழுத்தினார். டிவியில் எழுத்து வந்தது. வழக்கப்படி உரக்கப் படித்தார்.

"பிரதி எண் ஒன்று. பெற்றவர், குடும்பத்..."

மீதியை மகள் படித்தாள். வீடியோவில் அக்கா தன் தம்பியை முதல் முறை பார்ப்பது போலப் பார்த்தாள். சின்ன வயதிலிருந்தே அவனுக்கு நாலு பேர் தன்னைப் பார்க்க வேண்டும் என்று ஆசை உண்டு என்றாள்.

அவர் மறுபடி அழுத்தினார். மறுபடியும் குடும்பத் தலைவர். படத்தைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டு அழுத்தினார். தலைகீழாகவும் அவரேதான்.

"கருவியில ஏதோ கோளாறு" என்றார்.

"நாளைக்கு வகுப்புலயும் அப்படியே சொல்லிடுவீங்களாப்பா?" என்று மகள் கேட்டாள்.

கோளாறு என்றால் நாளைக்கு வகுப்பு இல்லை, கோளாறு இல்லை என்றால் இன்றைக்கு மானம் இல்லை. கடைசியாக ஒரு வழி தோன்றியது. "யாரோ என் போனை எடுத்து..." என்று ஆரம்பித்தார். மனைவி எழுந்து போய் ஃபிரிட்ஜ் கதவிலிருந்து தாளை எடுத்து வந்து மூன்றாவது விதியில் விரலை வைத்து நீட்டினாள். கையில் தாளைக் கொடுத்தால் உரக்கப் படித்துவிடுகிற மனிதர் அவர். கடைசி எழுத்து வரைக்கும் படித்தார். முத்திரையைப் பார்த்தார். அழிக்க முடியாத மை.

ஏழு மணிக்கு அவர் பாத்திரக் குவியலின் முன்னால் நின்றார். இடுப்பில் பூப்போட்ட ஏப்ரன். வாணலியைத் தேய்க்கக் கையை நீட்டியபோதுதான் கட்டைவிரல் கண்ணில் பட்டது. ஊதா இல்லாத விரல். தூக்கம் ஒரு மனிதனின் மையைத் துடைக்காது. ஈரத்துணிதான் துடைக்கும். அவர் நுரைக் கையோடு மெதுவாகத் திரும்பினார்.

சமையலறை வாசற்படியில் மனைவி போனை உயர்த்திப் பிடித்திருந்தாள். படம் விழும் சத்தம் கேட்டது.

"பயப்படாதீங்க" என்றாள். "இதை உங்களுக்கு மட்டும்தான் அனுப்பறேன்."