ஆற்றோரத்து ஆறு பூட்டுகள்

நமக்கு ஒரு வேலை தெரியும் என்று ஊரே நம்பத் தொடங்கினால், கொஞ்ச நாளில் நாமும் நம்பிவிடுவோம். இருபத்துமூன்று வயதில் எனக்கு அந்த வியாதி வந்தது. மலாயாவில், லுக்குட் பக்கத்துத் தோட்டமொன்றில், ரப்பர் ஆலை இயந்திரங்களுக்கு எண்ணெய் போடுவதுதான் என் வேலை. ஒருநாள் கணக்கெழுதும் கிராணியின் அலமாரிச் சாவி தொலைந்துபோக, சைக்கிள் கம்பியை வளைத்து அதைத் திறந்துவிட்டேன். (திறந்தது என் திறமையா, அலமாரியின் வயதா என்பது இன்றுவரை எனக்கே தெரியாது.) அன்றிலிருந்து நான் ‘பூட்டு கோவிந்தன்’. பட்டத்தைப் பரப்பியவர் அக்காவின் கணவர் பெருமாள். லாரி ஓட்டுநர். லாரி போன இடமெல்லாம் என் புகழும் போனது.

அது அவசரகாலம். வெள்ளைக்காரனை எதிர்த்துக் காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளுக்கு அரிசி போய்விடக் கூடாது என்று அரசாங்கம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்த நேரம். ரப்பர்ப் பால் வெட்டப் போகிறவர்கள் ஒரு கவளம் சோறுகூடக் கட்டிக்கொண்டு போக முடியாது. டின் மீன் வாங்கினால், சேர்த்துவைக்க முடியாதபடி கடைக்காரரே மூடியில் ஓட்டை போட்டுத்தான் கொடுப்பார்.

லுக்குட் ஆற்றோரத்தில், படகுத்துறைக்குப் பக்கத்தில், ஆறு கடைகள் ஒட்டினாற்போல் இருந்தன. ஒரே மாதிரிப் பச்சைக் கதவு, ஒரே மாதிரிப் பித்தளைப் பூட்டு. நடுவில் சீன முதலாளி தௌக்கேயின் அரிசிக்கடை. எங்கள் தோட்டத்துக்குப் பங்கீட்டு அரிசி அங்கிருந்துதான் வரும். அடுத்தது இரத்தினம் அக்காவின் கருவாட்டுக்கடை. ஆறு கடைகளின் மாற்றுச் சாவிகளும் கட்டடச் சொந்தக்காரரிடம் ஒரே கொத்தாக இருந்தன. அந்தக் கொத்து ஒருநாள் காணாமல் போனது. போலீஸ் சார்ஜன் வந்து, இரண்டு நாளில் ஆறு பூட்டுக்கும் சாவி மாறவில்லை என்றால் அரிசிக்கடைக்கு சீல் வைப்பேன் என்று சொல்லிவிட்டுப் போனார். கடைக்கு சீல் என்றால் தோட்டத்தில் அடுப்புக்கும் சீல். புதுப் பூட்டுகள் சிரம்பானில்கூடக் கிடைக்கவில்லை.

“நம்ம மச்சான் இருக்கான் லா,” என்றார் பெருமாள் அத்தான் தௌக்கேயிடம். “கண்ண மூடிக்கிட்டே செய்வான்.”

அப்படித்தான் செய்தேன்.

அந்தப் பூட்டின் வயிற்றுக்குள் அரிசிமணி அளவில் ஐந்து பித்தளை ஊசிகள் இருக்கும். ஒவ்வொன்றும் ஒரு நீளம். சாவியின் பற்கள் எல்லா ஊசிகளையும் சரியான உயரத்துக்குத் தூக்கினால்தான் பூட்டு திரும்பும். ஊசிகளை இடம் மாற்றிப் போட்டு, அதற்கேற்பப் புதுச் சாவியை அராவினால் பழைய சாவி செல்லாது. இதை ஆலையில் ஒரு பழைய பூட்டைப் பிரித்துத் தெரிந்துகொண்டேன். (திரும்ப மாட்டியதில்லை.)

கடைகளின் பின்பக்கம், ஆற்றுச் சேற்றின்மேல் கால் நட்டுப் பலகைத் தளம் போட்டிருந்தார்கள். காற்றோட்டமாக இருக்கிறதென்று அங்கே செய்தித்தாளை விரித்து, ஆறு பூட்டுகளையும் ஒன்றாகப் பிரித்துப் போட்டேன்.

“தம்பி, சத்து சத்து,” என்றார் தௌக்கே. ஒவ்வொன்றாகச் செய் என்கிறார். எனக்கே பாடமா என்று சிரித்தேன்.

சாவிகளை அராவி முடிக்கும்வரை எல்லாம் நன்றாகவே போனது. பிறகு கடல் பக்கமிருந்து ஒரு காற்று வந்தது. செய்தித்தாள் எழுந்து ஒரு குட்டிக்கரணம் போட்டது. ஊசிகள் பலகை இடுக்குகள் வழியாகக் கீழே சேற்றுக்குள் போயின. முப்பதில் எட்டு மிஞ்சின.

அந்த இடத்திலேயே எழுந்து உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் பட்டம் வாங்கியவன் அப்படியெல்லாம் எழுந்துவிட முடியாது. ஆறு மணிக்கு ஊரடங்கு வேறு. பூட்டுக்கு ஓர் ஊசி என்று, சாவியின் முதல் பல்லுக்கு ஏற்ப அராவிப் போட்டேன். மிச்சம் இரண்டை ஆறில் ஒன்றான முடிதிருத்தும் கடைப் பூட்டுக்குக் கொடுத்தேன். (அவர் மரியாதையாகப் பேசுவார்.) அவரவர் புதுச் சாவி அவரவர் கதவைத் திறந்தது. எல்லாரும் பாராட்டினார்கள். அத்தான் எனக்கு ஒரு தட்டு மீகூன் வாங்கிக் கொடுத்து, நான் சாப்பிடுவதைப் பெருமையோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை ஊரடங்கு முடிந்ததும் நல்ல மழை. இரத்தினம் அக்கா தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு ஓடிவந்து, அவசரத்தில் ஒரு கதவு தள்ளி நின்று, தன் சாவியைப் போட்டுத் திறந்திருக்கிறார். உள்ளே ஒரு கருவாடு இல்லை. கூரைவரை அரிசி மூட்டை.

“ஐயோ, என் கருவாட்டையெல்லாம் எடுத்துக்கிட்டு அரிசிய வச்சிட்டுப் போயிட்டானுங்களே,” என்று அவர் போட்ட சத்தத்தில் காவல் நிலையமே வந்துவிட்டது.

சார்ஜன் அந்தச் சாவியை வாங்கி மற்றக் கதவுகளிலும் போட்டுப் பார்த்தார். ஒன்றைத் தவிர எல்லாம் திறந்தன. முதல் பல்லை எல்லாச் சாவிகளிலும் ஒரே அளவுக்கு அராவியிருந்தேன். இருந்த ஒற்றை ஊசிக்கு அதுவே போதும். முடிதிருத்தும் கடை மட்டும் திறக்கவில்லை. அவசரகாலத்தில் லுக்குட்டிலேயே பத்திரமாக இருந்தவை அவருடைய இரண்டு கத்தரிக்கோல்கள்தாம்.

ஜீப் தோட்டத்துக்கு வந்தது. அந்த நாளில் ஜீப்பில் ஏறியவர்கள் எப்போது திரும்புவார்கள் என்று யாருக்கும் தெரியாது. காட்டுக்காரர்களுக்காக வேண்டுமென்றே திறந்துவைத்தான் என்று போலீஸ் எழுதினால் என் கதை முடிந்தது. ஏறும்போது அத்தான் காதில் சொன்னார்: “தௌக்கேதான் பூட்ட நோண்டிட்டாருன்னு சொல்லிடு. நீ தப்பிச்சிக்கலாம்.”

அவர் என்மேல் வைத்த பிரியத்தில் சொன்னது. வழியெல்லாம் அந்தப் பொய்யைச் சொல்லிப் பழகிக்கொண்டுதான் போனேன்.

கடை வாசலில் தௌக்கேயை ஒரு முக்காலியில் உட்காரவைத்திருந்தார்கள். காலையில் மாட்டிய சட்டையின் பொத்தானைக்கூட அவர் இன்னும் போடவில்லை. “சியாப்பா பூவாட்?” என்றார் சார்ஜன். யார் செய்தது?

“சாயா,” என்றேன். நான்தான். பிறகு செய்தித்தாள், காற்று, சேறு, எட்டு ஊசி எல்லாவற்றையும் பாதி மலாயும் பாதித் தமிழுமாகக் கொட்டினேன். சொல்லச் சொல்ல எனக்கே அது நம்பும்படி இல்லை.

சார்ஜன் பலகைத் தளத்தின் ஓரத்துக்குப் போய்க் கீழே எட்டிப் பார்த்துவிட்டு, “காட்டு,” என்றார் தமிழிலேயே.

மழை விட்டு, கடல் இறங்கியதால் ஆற்றில் தண்ணீர் வற்றியிருந்தது. முழங்கால் சேற்றில் இறங்கினேன். என்னைத் திட்டிக்கொண்டே இரத்தினம் அக்காவும் கருவாடு சலிக்கும் சல்லடையோடு இறங்கினார். “இங்க பாரு, என் கடைப் பூட்டுக்குத்தான் மொதல்ல போடணும், ஆமா,” என்றார். முதல் ஊசி சல்லடையில் மின்னியபோது அதைத் தூக்கிக் காட்டினேன். மேலே நின்ற சார்ஜனின் முகம் கொஞ்சம் தளர்ந்தது. தண்ணீர் ஏறுவதற்குள் பதினேழு கிடைத்தன. மிச்சத்தைப் பித்தளைக் கம்பியில் அறுத்து அராவினேன். இந்தத் தடவை கடைக்குள் உட்கார்ந்து, ஜன்னலைச் சாத்திக்கொண்டு, தௌக்கே சொன்னபடி ஒவ்வொன்றாக.

மாலை நான்கு மணிக்கு, ஆறு சாவிகளையும் ஆறு கதவுகளிலும் போட்டுப் பாருங்கள் என்று நானே சொன்னேன். சார்ஜன் போட்டுப் பார்த்தார். முப்பத்தாறு முறை. ஆறு முறைதான் திறந்தது. தௌக்கேயின் பழைய சாவியும் பல்லிளித்தது. என் வாழ்நாளில் எத்தனையோ பேர் கைதட்டிக் கேட்டிருக்கிறேன். திறக்காத கதவுகளின் சத்தத்துக்கு ஈடாகாது.

ஜீப்பில் ஏறும்முன் சார்ஜன் திரும்பினார். “பேசோக், பாலாய் பூஞா பூன் துக்கார்.” நாளைக்குக் காவல் நிலையத்துப் பூட்டையும் மாற்று என்கிறார்.

போய் மாற்றினேன். பிறகு போர்ட் டிக்சன் கடலோரத்தில் நான் சாவி மாற்றாத கடைகள் குறைவு. ஒரு கதவுகூட இன்னொருவர் சாவிக்குத் திறந்ததில்லை. இதை எங்கே வேண்டுமானாலும் சொல்வேன்.

வீட்டில்தான் மதிப்பில்லை. குடும்பத்தோடு வெளியூர் புறப்பட்டு நான் வாசலைப் பூட்டியதும், யாரும் நகரமாட்டார்கள். மனைவி பீரோச் சாவியைப் போட்டுப் பார்ப்பாள். மகன் மோட்டார் சாவி. மருமகள் அவள் அலுவலகச் சாவி. பேரப்பிள்ளைகள் உண்டியல் சாவி. இதனால் ஒருமுறை சிரம்பான் பஸ்ஸையே விட்டிருக்கிறோம். நான் கையைக் கட்டிக்கொண்டு நிற்பேன். போடட்டும், எல்லாரும் போட்டுப் பார்க்கட்டும்.