உலகக் கணக்கும் ஒரு காகிதச் சுருளும்

நாடுவாரியார் என்றொரு இனம் இருக்கிறது. நீங்களும் பார்த்திருப்பீர்கள், தப்பியிருக்க வழியில்லை. டீ சூடாக இருக்கிறது என்று அவரிடம் வாய்தவறிச் சொல்லிப் பாருங்கள். எந்த நாட்டுக்காரன் எவ்வளவு டீ குடிக்கிறான், அவன் தாத்தா காலத்தில் எவ்வளவு குடித்தான், நடுவில் எந்த நாடு எந்த நாட்டை முந்தியது என்று ஆரம்பித்து, உங்கள் டீ ஆறி ஆடை கட்டும்வரை விடமாட்டார். வெங்காயமோ முட்டையோ, எதுவானாலும் நாடுவாரியாக, ஆண்டுவாரியாக அவருக்கு அத்துப்படி. வீட்டில் முட்டை இருக்கிறதா? அது தெரியாது.

எங்கள் குடும்பத்துக்கும் ஒருவர் வாய்த்திருக்கிறார். அக்காவின் கணவர். தங்கமான மனுஷர், அத்தானைக் குறை சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். இருந்தாலும் சொல்கிறேன்.

அக்காவின் அலுவலகத்தில் கிளை மேலாளர் பதவி காலியானது. அவள் வருஷக்கணக்காகக் காத்திருந்த நாற்காலி. அதை யாருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்யும் பெரிய அதிகாரி, ஞாயிற்றுக்கிழமை மதியம் வீட்டுக்குச் சாப்பிட வருவதாகச் சொல்லிவிட்டார். அக்கா வீட்டையே கழுவி விட்டாள். திரைச்சீலை மாற்றினாள், என்னை வரவழைத்துப் பாத்திரம் தேய்க்க வைத்தாள். அத்தானுக்குக் கொடுத்தது ஒரே ஒரு வேலை. டாய்லெட் பேப்பர் தீர்ந்துவிட்டது, கடையில் ஒரு கட்டு வாங்கி வரவேண்டும்.

போனவர் போனவர்தான். கடை அலமாரி முன்னால் நின்று, எது நல்லது என்று பார்க்கக் கைபேசியைத் திறந்திருக்கிறார். அதில் துடைக்கும் காகிதமும் கழிப்பறைக் காகிதமும் எந்த நாட்டில் எவ்வளவு உற்பத்தி என்று வருஷாவருஷம் ஏறி இறங்கும் படம் ஒன்று சிக்கிவிட்டது. பிறகு அலமாரியாவது, கட்டாவது! விருந்தாளியும் அவரும் ஒரே நேரத்தில் வாசலில் நுழைந்ததால், அவர் கை வெறுங்கை என்பதை நாங்கள் யாரும் கவனிக்கவில்லை.

சாப்பாட்டு மேஜையில் படம் முழுக்க ஓடியது. முதலிடத்தில் தனிக்காட்டு ராஜாவாக இருந்த நாட்டை, பட்டியலில் பேரே இல்லாத நாடு ஒன்று எப்படித் துரத்திப் பிடித்தது என்று அத்தான் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னார். சாப்பிடும்போது பேசுகிற பேச்சா இது? அக்கா மேஜைக்கடியில் அவர் காலை மிதித்தாள். மிதி எனக்கு விழுந்தது.

சாப்பிட்டு முடித்த அதிகாரி குளியலறைக்குப் போனார். சற்று நேரத்தில் உள்ளேயிருந்து கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. "இங்க பேப்பர் இல்லையே..."

அக்கா அத்தானைப் பார்த்தாள். அத்தான் கதவருகே ஓடி, பரிவோடு ஆறுதல் சொன்னார். "சார், கவலைப்படாதீங்க. தலைக்கு எவ்வளவுன்னு பார்த்தா, நம்மள விட மோசமான நாடெல்லாம் இருக்கு."

ஊருக்கெல்லாம் சொல்லுமாம் பல்லி, கழுநீர்ப் பானையில் விழுமாம் துள்ளி. அக்கா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். "போச்சுடா, என் நாற்காலி போச்சு." நான் அடுத்த வீட்டுக்கு ஓடி, வெட்கத்தை விட்டுக் கேட்டு, ஒரு சுருளோடு மூச்சு வாங்கத் திரும்பினேன்.

கதவுக்கு உள்ளேயிருந்து குரல் வந்துகொண்டிருந்தது. "அது எந்த வருஷத்துக் கணக்கு? ஏற்றுமதி போக மிச்சமா, மொத்தமா?"

கதவு இடுக்கில் ஒரு கை நீண்டு சுருளை வாங்கிக்கொண்டது. பேச்சு நிற்கவில்லை. அக்காவும் நானும் பாத்திரமெல்லாம் கழுவிக் கவிழ்த்த பிறகுதான் அவர் வெளியே வந்தார்.

நாற்காலி அக்காவுக்கே கிடைத்தது. எல்லாம் தன்னால்தான் என்று அத்தான் இன்றும் மார்தட்டுகிறார். பேப்பரை மட்டும் அக்கா வாங்கி வருகிறாள்.

நல்லவேளை, நாமெல்லாம் அந்த இனம் இல்லை என்கிறீர்களா? இருக்கட்டும். முதலிடம் எந்த நாட்டுக்கு என்று நான் கடைசிவரை சொல்லவே இல்லை. அது உங்களைக் கொஞ்சம் அரித்துக்கொண்டிருந்தால், கைபேசியைத் தேடுவதற்கு முன் உங்கள் வீட்டுக் குளியலறையை ஒருமுறை எட்டிப் பார்த்துவிடுங்கள்.