அமரர்களுக்காக நின்ற பஸ்

புளியங்கூடலில் இருந்து யாழ்ப்பாணத்துக்கு வேலைக்குப் போய்வருகிறவர்களில் அம்பிகையும் ஒருத்தி. பட்டணத்தில் ஒரு பாமசியில் அவளுக்கு வேலை. காலை பஸ் அவளுடைய வீட்டு வாசல் படலையைக் கிட்டத்தட்ட உரசிக்கொண்டுதான் போகும். ஆனால் நிற்காது. கொண்டக்டர் நிரோஜன் அவளுக்குத் தூரத்து மருமகன் முறை. படலையடியில் அவளைக் கண்டால், "மாமி, கெதியா நடவுங்கோ, சந்தியிலை பாத்துக்கொண்டு நிக்கிறம்" என்று அன்பாகக் கையைக் காட்டிவிட்டுப் போவான். அம்பிகை முழங்கால் நோவோடு, பஸ் கிளப்பிவிட்ட புழுதியைக் குடித்தபடி, சந்திவரைக்கும் நடப்பாள். பஸ் அங்கே உண்மையிலேயே அவளுக்காகக் காத்து நிற்கும். ஒழுங்குவிதிகளில் மனிதாபிமானம் இல்லையென்று யாரும் சொல்ல முடியாது.

ஒருநாள் அவள் கேட்டேவிட்டாள்.

"தம்பி, என்ரை படலையிலை ஒருக்கால் நிப்பாட்டினால் என்ன? நான் நடந்து வாற நேரத்துக்கு நீங்கள் வேலணை தாண்டியிருப்பியளே."

"எனக்கு விருப்பந்தான் மாமி. தரிப்பிடம் இல்லாத இடத்திலை நிண்டால் நான் விளக்கம் எழுதிக் குடுக்க வேணும். நான் விளக்கம் எழுதிறதிலும் பாக்க நீங்கள் நடக்கிறது சுகமெல்லோ?"

அம்பிகை ஒரு நாள் லீவு போட்டுக்கொண்டு, பயணிகள் தரிப்பிட அபிவிருத்திப் பிரிவுக்குப் போனாள். அங்கே பொறுப்பாக இருந்தவர் வாகீசன் என்ற உத்தியோகத்தர். நல்ல மனிதர். அவளைக் கதிரையில் இருத்தி, குடிக்கத் தண்ணீர் கொடுத்து, அதற்குப் பிறகுதான் ஏலாது என்று சொன்னார்.

"அம்மா, பஸ் நிக்கிற இடத்திலைதான் நாங்கள் தரிப்பிடம் கட்டலாம்."

"தரிப்பிடம் இல்லையெண்டுதானே பஸ் நிக்குதில்லை."

"அதுகும் சரி. தரிப்பிடம் உள்ள இடத்திலைதான் பஸ் நிக்கலாம்."

"அப்ப முதன்முதல் தரிப்பிடத்தை எப்பிடிக் கட்டினவை?"

வாகீசன் பேனையை மூடி வைத்தார். "நல்ல கேள்வி. அந்தக் காலத்திலை ஒழுங்குவிதியள் இல்லை அம்மா. சனம் தேவையெண்டு கண்ட இடத்திலை எல்லாம் கட்டிப்போட்டுது."

அம்பிகை முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழும்பினாள். அதைப் பார்த்த வாகீசனின் மனம் இளகியது. குரலைத் தாழ்த்தினார்.

"ஒரு வழி இருக்கு. ஞாபகார்த்தத் தரிப்பிடம் எண்டால் அது அபிவிருத்தி இல்லை, கலாசாரம். கலாசாரத்துக்குப் பஸ் தேவையில்லை. அமரர் ஒராள் இருந்தால் காணும். கட்டி முடிஞ்சால் அது தரிப்பிடந்தானே, பஸ் நிண்டே தீர வேணும். உங்கடை வீட்டிலை ஆரும் செத்திருக்கினமோ?"

"அப்பா. தம்பிஐயா எண்டு பேர். அது கன காலமாச்சு."

"பரவாயில்லை. செத்ததுக்குக் காலாவதித் திகதி இல்லை."

"ஆனால் அப்பா ஒருநாளும் பஸ்ஸிலை ஏறினதில்லை ஐயா. எங்கை போறதெண்டாலும் சைக்கிள்தான். பஸ்ஸிலை போறவை சோம்பேறியள் எண்டு பேசுவார்."

"அதைக் கல்லிலை வெட்ட வேண்டிய அவசியம் இல்லையே அம்மா."

அம்பிகையின் தம்பி சசிகரன் கனடாவில். அக்காவின் முழங்கால் நோவைப் பற்றி அவள் சொன்ன நேரமெல்லாம் "ரெண்டு பனடோலைப் போடுங்கோ" என்று சொல்லிவந்தவன், அப்பாவின் பெயரில் ஒரு தரிப்பிடம் என்றதும் எவ்வளவு வேணும் என்று கேட்டான். காசு உடனே வந்தது. கூடவே வரைபடமும் வந்தது. நிலத்துக்கு மாபிள், தூணுக்குப் பூவேலை, உள்ளே தம்பிஐயாவின் ஆளுயரப் படம். படத்துக்கு இடம் விட்டதில் ஆட்கள் இருக்கிற வாங்கு குறுகிவிட்டது. இரண்டு மெல்லிய ஆட்கள் நெருக்கி இருக்கலாம்.

திறப்புவிழாவில் நாடாவை வெட்டிய வாகீசன், "அமரர் தம்பிஐயா அவர்கள் பொதுப் போக்குவரத்தின்பால் கொண்டிருந்த அளவிலாப் பற்று" என்று பேசத் தொடங்கினார். அம்பிகை நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கனடாவில் இருந்து வீடியோவில் பார்த்துக்கொண்டிருந்த சசிகரன் விம்மி அழுதான்.

அடுத்த நாள் காலை அவள் படலையைத் திறந்தாள், வீதியைக் கடக்காமலே பஸ்ஸில் ஏறினாள். ஜன்னலால் காற்று வந்தது. புழுதியை வேறு யாரோ குடித்தார்கள். "அப்பா, குறை நினையாதேங்கோ" என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். அந்த நாட்களில் அவள் பாமசிக்கு நேரத்தோடு போனாள், வாடிக்கையாளரைப் பார்த்துச் சிரித்தாள், முழங்காலை மறந்தே போனாள்.

அந்தச் சுகத்தைப் பக்கத்து வளவு ஆழ்வாப்பிள்ளையால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. அவர் குருநாகலில் கடை வைத்திருந்துவிட்டு ஊரோடு வந்து இருக்கிறவர், மகன் சுவிஸில். பஸ்ஸுக்கு வந்தால் தரிப்பிடத்துக்கு வெளியே, கொளுத்தும் வெயிலில், குடையைப் பிடித்துக்கொண்டு நிற்பார்.

"உள்ளுக்கு வந்து இருங்கோவன் அண்ணை" என்றாள் அம்பிகை.

"தம்பிஐயாவின்ரை நிழலிலை நான் இருக்கிறதோ? உங்கடை கொப்பரும் என்ரை ஐயாவும் செத்தவீடு கலியாணவீடு போய்வராத ஆக்கள்."

"பஸ் ஏறத்தானே அண்ணை கேக்கிறன்."

"ஏறுவன் பிள்ளை. என்ரை ஐயாவின்ரை நிழலிலை இருந்து ஏறுவன்."

சொன்னபடியே, அவருடைய படலைக்கு முன்னால் தகப்பனாரின் பேரில் அமரர் கதிரித்தம்பி ஞாபகார்த்தத் தரிப்பிடம் எழுந்தது. ஒரு தரிப்பிடத்தில் இருந்து தும்மினால் மற்றதில் இருப்பவர் துவாயால் முகத்தைத் துடைக்க வேண்டும், அவ்வளவு தூரந்தான். இதில் மின்விசிறியும் இருந்தது. பிறகு, போகிறவர்களுக்கு நிழல், வருகிறவர்களுக்கு வெயிலா என்ற நியாயமான கேள்வி எழுந்து, வீதியின் மற்றப் பக்கத்திலும் இரண்டும் ஒவ்வொரு குட்டி போட்டன. சந்திக்குக் கிட்ட இருந்த தையல்கார ஜசிந்தாவின் பூட்டனார் பாய்க்கப்பல் ஓட்டினவர். பிரான்சில் இருந்த அவளுடைய தமையன் கப்பல் வடிவத்திலேயே ஒன்றைக் கட்டுவித்தான். அதில் இருக்கிறவர்களுக்குப் பஸ் வருவது தெரியாது. ஆனால் பார்க்க வடிவு.

பஸ்ரியாம்பிள்ளை பிள்ளைகுட்டி இல்லாத ஓய்வூதியர். தனக்குப் பிறகு யாரும் கட்டமாட்டார்கள் என்ற முன்யோசனையில், தன் ஞாபகார்த்தமாகத் தானே ஒன்றைக் கட்டினார். கல்லில் பிறந்த ஆண்டு, அதற்குப் பக்கத்தில் ஒரு கோடு, அதற்கப்பால் வெற்றிடம். உயிரோடு இருக்கிறவருக்கு எப்படி அனுமதி கொடுத்தீர்கள் என்று வாகீசனை யாரோ கேட்டார்கள். "விண்ணப்பதாரர் உரிய காலத்தில் தகைமை பெறுவார் என்ற எதிர்பார்ப்பின் பேரில்" என்றார் அவர். பின்னேரங்களில் பஸ்ரியாம்பிள்ளை தன் படத்துக்குக் கீழே போய் இருந்துகொண்டு பேப்பர் படிப்பார். வெளியூர் ஆட்கள் சிலர் அதைக் கண்டு திரும்பி ஓடியிருக்கிறார்கள்.

வெளிநாட்டில் ஆள் உள்ள மற்ற வீடுகளும் படலைக்குப் படலை ஒவ்வொன்று எழுப்பின. இவ்வளவும் ஊருக்கு அழகு என்றே விட்டிருக்கலாம். ஆழ்வாப்பிள்ளையின் மகன் தன் தரிப்பிடத்தில் கமரா பூட்டுவித்தான். சுவிஸில் கட்டிலில் படுத்திருந்தபடியே பேரனாரின், அதாவது தகப்பனின் தகப்பனின், தரிப்பிடத்தைப் பார்க்கலாம். அப்படிப் பார்த்ததில், காலை பஸ் அங்கே நிற்காமல் போனதைக் கண்டுவிட்டான். ஏறவும் இறங்கவும் ஆள் இல்லாததால் நிற்கவில்லை என்ற நிரோஜனின் விளக்கம் அவனுக்குச் சமாதானமாக இல்லை.

"என்ரை பேரனுக்கு மட்டும் நிக்கேல்லை. தம்பிஐயாவுக்கு நிண்டது. நான் ரெண்டையும் பாத்தனான்."

முறைப்பாடு பாரிசில் இருந்தும் வந்தது. பயணிகள் தரிப்பிட அபிவிருத்திப் பிரிவு ஆழ்ந்து பரிசீலித்து ஓர் அறிவுறுத்தலை விடுத்தது. பயணிகள் உளரோ இலரோ, அமரர்கள் அனைவருக்கும் சமமாக, ஒவ்வொரு தரிப்பிடத்திலும் ஒரு நிமிடம் தரித்துச் செல்லப்பட வேண்டும்.

அன்றிலிருந்து பஸ் ஊர்ந்தது. நிரோஜன் மிதிபலகையில் நின்று ஒவ்வொருவராகக் கூப்பிட்டான்.

"தம்பிஐயா! தம்பிஐயா இறங்கிறது ஆர்?"

ஒருவரும் இறங்கவில்லை. ஒரு நிமிடம் நின்றது.

"கதிரித்தம்பி! கதிரித்தம்பியிலை ஏற ஆரும் இருக்கோ?"

மின்விசிறி மட்டும் சுழன்றது. ஒரு நிமிடம் நின்றது.

"பஸ்ரியாம்பிள்ளை! பஸ்ரியாம்பிள்ளை முடிஞ்சுதோ?"

"இன்னும் இல்லையடா தம்பி" என்று பின் சீற்றில் இருந்து அவரே பதில் சொன்னார்.

எதிர்ப்பக்கத் தரிப்பிடங்களுக்கும் மரியாதை செய்யாமல் போவது பாரபட்சம் என்று இன்னொரு விளக்கம் வந்தபிறகு, காலை பஸ் சந்தியை அடையும்போது வெயில் ஏறிவிடும். பொறுமை இழந்த அம்பிகை ஒருநாள் இறங்கி நடந்தாள். முழங்கால் நோவோடு, கையில் சாப்பாட்டுப் பையோடு, பஸ்ஸை முந்தினாள். சந்தியில் போய் நின்று, பஸ் வருமட்டும் காத்திருந்தாள். முந்தி பஸ் அவளுக்காகக் காத்து நின்றது. இப்போது அவள் பஸ்ஸுக்காகக் காத்து நின்றாள். இதுதான் அவள் கண்ட முன்னேற்றம்.

பாமசி முதலாளி மரியாதையானவர். பிந்தி வந்த அவளைத் திட்டவில்லை. "அக்கா, உங்களுக்கும் ஏலாத கால். இனி வீட்டிலை ஆறுதலாய் இருங்கோவன்" என்றார். வேலை போய்விட்டது என்பது அவளுக்கு வீட்டுக்கு வந்து தேத்தண்ணி குடிக்கும்போதுதான் சரியாக விளங்கியது. அன்று முழுக்க அவள் குசினிக்குள் அடுப்படியில் இருந்து அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு ஊரைக் கூட்டினாள்.

வாசிகசாலையில் கூட்டம். தரிப்பிடங்கள் கூடிப்போயின என்பதில் எல்லோருக்கும் ஒரே அபிப்பிராயம். இவ்வளவு ஒற்றுமையை அந்த ஊர் அண்மைக் காலத்தில் கண்டதில்லை.

"கூடினதைக் குறைப்பம்" என்றார் ஆழ்வாப்பிள்ளை. "தம்பிஐயாவின்ரையை இடிச்சால் சரி. அதுதான் பழசு."

"பழசெண்டால் அதுக்குத்தான் உரிமை. பிறகு வந்ததுகளை இடியுங்கோ" என்றாள் அம்பிகை.

"என்ரையைத் தொடக்கூடாது" என்றார் பஸ்ரியாம்பிள்ளை. "மற்றவை எல்லாம் செத்துப்போச்சினம், அவைக்குத் தெரியாது. நான் பாத்துக்கொண்டெல்லோ இருக்கிறன்."

"கப்பலை இடிச்சால் அண்ணன் என்னோடை கதைக்கமாட்டார்" என்றாள் ஜசிந்தா.

பிரிவின் சார்பில் வந்திருந்த வாகீசன் கையமர்த்தினார். "அம்பிகை அம்மா, எல்லாம் உங்களிலைதானே தொடங்கினது. நீங்கள் ஒராள் இடிக்கச் சம்மதிச்சால் மற்றவை வெக்கத்திலை ஓம் எண்டுவினம். பஸ் பழையபடி ஓடும். உங்கடை அப்பாவும் பஸ்ஸை விரும்பாதவர் எண்டு நீங்களே சொன்னனீங்கள்."

வாசிகசாலை முழுவதும் அம்பிகையைப் பார்த்தது. அவளுக்கு வேலை நினைவுக்கு வந்தது. ஜன்னல் காற்று நினைவுக்கு வந்தது. ஓம் என்று சொல்ல வாயெடுத்தாள். அந்த நேரம் பார்த்து, முன்வரிசையில் இருந்த ஆழ்வாப்பிள்ளை மெல்லச் சிரித்துவிட்டார்.

"என்ரை அப்பாவை நான் இடிக்கமாட்டன்" என்றாள் அம்பிகை.

பிரிவு இதற்கும் ஒரு தீர்வு கண்டது. ஞாபகார்த்தத் தரிப்பிடங்களின் பாதுகாப்பைக் கருத்தில் கொண்டு, பஸ் இனி அந்த வீதியால் போகாது. தரிப்பிடமே இல்லாத பின்வீதியால் நிற்காமல் போகும். நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது, ஆனால் ஊரில் யாரும் ஏறமுடியவில்லை. அந்த ஆண்டு, பயணிகள் வசதி மிகக் கூடிய வீதி என்று புளியங்கூடல் வீதிக்கு ஒரு விருதும் கிடைத்தது. விபத்து இல்லை, நெரிசல் இல்லை, முறைப்பாடும் இல்லை. வாகீசனுக்குப் பதவி உயர்வு.

வெளிநாட்டில் இருந்தவர்களுக்கு மனம் பொறுக்கவில்லை. இவ்வளவு தரிப்பிடங்கள் கட்டியும் பஸ் இல்லாத ஊரா? எல்லோரும் சேர்ந்து ஒரு பஸ்ஸையே வாங்கி அனுப்பினார்கள். குளிரூட்டி, மெத்தைச் சீற், பாட்டுப் பெட்டி எல்லாம் இருந்தது. எந்த அமரரையும் விட்டுவிடக்கூடாது என்பதால் கண்ணாடிகள் முழுக்க அமரர்களின் படங்களை ஒட்டியிருந்தார்கள். சாரதிக்கு முன்னால் தம்பிஐயாவும் கதிரித்தம்பியும் அருகருகே இருந்தார்கள். சாரதிக்கு வீதி தெரியாது. தெரிந்தும் பயனில்லை. அந்த வீதி ஏற்கெனவே பஸ் ஓடாத வீதி என்று வகைப்படுத்தப்பட்டுவிட்டது.

ஆகவே பஸ் வாசிகசாலைக்கு முன்னால் நின்றது. குளிரூட்டி நன்றாக வேலை செய்தது. முதலில் ஜசிந்தா தையல் துணியோடு வந்து ஏறி இருந்தாள். பிறகு பஸ்ரியாம்பிள்ளை பேப்பரோடு வந்தார். கொஞ்ச நாளில் பின்னேரமானால் ஊரே பஸ்ஸுக்குள். யார் எந்தச் சீற் என்பதுகூட முடிவாகிவிட்டது, முன் ஜன்னல் சீற்றைத் தவிர. அதற்கு அம்பிகையும் ஆழ்வாப்பிள்ளையும் ஒரே நேரத்தில் உரிமை கோரினார்கள்.

லீவில் நின்ற நிரோஜன் ஒருநாள் சத்தம் கேட்டு ஏறிப் பார்த்தான். இருவரும் அந்தச் சீற்றில் பாதிப் பாதியாக, முழங்கையால் இடித்தபடி இருந்தார்கள்.

"மாமி, என்ன இது? எங்கை போறதுக்கு உந்தச் சண்டை?"

"போறதுக்கு ஆர் வந்தது? இது நான் முதல் பிடிச்ச இடம்."

"அண்ணை, நீங்களாவது எழும்புங்கோவன். எங்கை இறங்கப் போறியள்?"

ஆழ்வாப்பிள்ளை சீற்றுக் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"முதல் அவ இறங்கட்டும்" என்றார்.