டாக்டர் ரோஜர்ஸும் நம்ம ஆளுதான்

உலகத்தில் எந்த மூலையில் எவர் பெயர் வாங்கினாலும், அவர் உடம்பில் தன் ஊர் இரத்தம் ஒரு சொட்டாவது ஓடுகிறது என்று கண்டுபிடித்து, அந்தச் சந்தோஷத்தை எதிரில் வருகிறவரின் சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டு சொல்லாமல் விடாத ஓர் இனம் இருக்கிறது. இதற்கு 'நம்ம ஆளுக்காரர்' என்று பெயர் வைத்துக்கொள்வோம். இவர் கடை வைத்திருக்கலாம், பஸ் ஓட்டலாம், பென்ஷன் வாங்கலாம். அதெல்லாம் வயிற்றுக்கு. உயிர் இதில்தான் இருக்கிறது.

இந்த இனம் எல்லா ஊரிலும் விளையும். ஆனால் முதல் தரமானது எங்கள் ஃபால் ரிவரில் விளைகிறது. மில் வேலைக்காக அசோர்ஸ் தீவுகளிலிருந்து கப்பலேறி வந்த போர்த்துகீசியரின் பேரன் பேத்திகள் நிறைந்த அமெரிக்க ஊர் இது. இங்கே தரையில் பதிக்கும் பீங்கான் ஓடு விற்கும் பெல்மீரோ ஃபுர்த்தாதோவின் கடைக்கு மேல்மாடியில், தமிழ்நாட்டிலிருந்து வந்த நான் பதினேழு வருடமாகக் குடியிருக்கிறேன். ஆகையால் கேள்விப்பட்டதை எழுதவில்லை. பட்டதை எழுதுகிறேன்.

சினிமாவுக்குப் போனால் பெல்மீரோ கதையைப் பார்க்கமாட்டார். கதாநாயகி கண்ணீர் வடிக்கும்போது நிம்மதியாகத் தூங்குவார். படம் முடிந்து எல்லோரும் எழுந்து போகும்போதுதான் நிமிர்ந்து உட்கார்ந்து, திரையில் ஓடும் பெயர்களைப் படிக்க ஆரம்பிப்பார். "பாரு, பாரு! விளக்குப் பிடிச்சவனுக்கு உதவியாள் பொத்தேல்யோவாம்! நம்ம ஆளு! அவன் வெளிச்சம் காட்டலைன்னா அந்த நடிகன் மூஞ்சி உனக்குத் தெரிஞ்சிருக்குமா?"

தெரிந்திருக்காதுதான்.

டொராண்டோவின் உயரமான கட்டடங்களுக்குக் காங்கிரீட் ஊற்றியது யார், பாரிஸின் பாதி வீடுகளுக்குக் காவலிருந்து சாவி வைத்திருப்பது யார், கலிபோர்னியாவில் பால் கறப்பது யார், வெனிசுவேலாவில் ரொட்டி சுடுவது யார், ஹவாய்க்காரர்களுக்கு அந்தக் குட்டி கிதாரைக் கொண்டுபோய்க் கொடுத்தது யார் என்று அவர் கேட்டுக்கொண்டே போவார். எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான். தமிழில் ஜன்னல், அலமாரி, சாவி ஆகிய மூன்று சொற்களும் போர்த்துகீசியர் கொடுத்தவை என்று ஒருநாள் வாய்தவறிச் சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து என்னையும் பன்னிரண்டு சதவீதம் நம்ம ஆளு என்று வைத்திருக்கிறார்.

போர்த்துகீசியப் பெயர்க்காரன் எவனாவது வங்கியைக் கொள்ளையடித்து மாட்டிக்கொண்டால்? பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு அமைதியாகச் சொல்வார்: "அந்தப் பேரு ஸ்பெயின்காரங்களுக்கும் உண்டு."

அவர் சொல்லும் வெற்றிக் கதைகளும் ஒரே அச்சில் வார்த்தவை. கையில் ஓர் அட்டைப் பெட்டி. பாஷை தெரியாது. வெளியே பனி கொட்டுகிறது. அடுத்த வரியில் எழுபது லாரிகளுக்குச் சொந்தக்காரர். நடுவில் நடந்தது என்ன என்று கேட்கக்கூடாது. பாஸ்டன் ஆஸ்பத்திரியில் பிறந்து பாஸ்டனிலேயே நீதிபதியானவருக்குக்கூட அந்த அட்டைப் பெட்டி உண்டு. "அவங்க தாத்தா பெட்டி. எல்லாம் ஒண்ணுதான்."

இங்குள்ள தீவுக்காரர் சங்க மண்டபத்தில், வெளிநாடுகளில் வாழ்ந்து காட்டிய போர்த்துகீசியர்களின் படங்கள் ஒரு சுவர் நிறைய இருக்கின்றன. கண்ணாடிக் கதவு போட்டு, பூட்டுப் போட்ட சுவர். அந்தச் சாவி பத்தொன்பது வருடமாகப் பெல்மீரோவின் கழுத்துச் சங்கிலியில், அந்தோணியார் பதக்கத்துக்குப் பக்கத்தில் தொங்கியது. யார் படம் ஏறலாம் என்பது அவர் தீர்ப்பு. ஃபுர்த்தாதோ குடும்பத்தில் மூன்று தலைமுறையாக யார் படமும் எந்தச் சுவரிலும் ஏறியதில்லை. ஆனால் ஏற்றுகிற சாவி அவரிடம் இருந்தது. ஒரு மனிதனுக்கு இது போதாதா?

அந்தச் சாவிக்குத்தான் போன வசந்தத்தில் ஆபத்து வந்தது.

அதற்கு இரண்டு வருடம் முன்பு, பாஸ்டனில் டாக்டர் ரோஜர்ஸ் என்பவர் பெல்மீரோவின் நெஞ்சைத் திறந்து புது வால்வு வைத்திருந்தார். மயக்கம் தெளிந்து கண் விழித்தபோது பெல்மீரோ கண்ட முதல் காட்சி, அந்த டாக்டர் ஜன்னலோரம் நின்று ரொட்டியைப் பிய்த்து சூப்பில் தோய்த்துத் தின்றுகொண்டிருந்ததுதான். அசோர்ஸ்காரர்கள் சூப் சாப்பிடுவது அப்படித்தான். அவ்வளவுதான், முடிந்தது. அந்தக் காலத்து மில்களில், வாயில் நுழையாத பெயர்களைக் கணக்கர்கள் இஷ்டத்துக்கு மாற்றி எழுதிவிடுவார்கள். பெரெய்ரா பெர்ரியானார். ஒலிவேய்ரா ஆலிவரானார். ரொத்ரீகெஸ் ரோஜர்ஸானார். இதனால் இந்தப் பக்கத்தில் எந்த ஆங்கிலப் பெயர்க்காரரைப் பார்த்தாலும், சுரண்டினால் உள்ளே நம்ம ஆளு இருப்பான் என்று இங்குள்ள போர்த்துகீசியருக்கு ஒரு நப்பாசை உண்டு. பெல்மீரோவுக்கு அது நப்பாசை இல்லை. சத்தியம்.

சங்கத்தின் ஆண்டு விருந்துக்கு டாக்டர் ரோஜர்ஸைச் சிறப்பு விருந்தினராக அழைத்துப் படத்தை ஏற்றப்போவதாக அவர் அறிவித்ததும், சங்கத் தலைவர் குவால்த்தெர் எழுந்தார். ஓய்வு பெற்ற பள்ளிக்கூட பஸ் டிரைவர். பெல்மீரோவின் மூத்த மகளுக்கு ஞானத்தகப்பன். அந்த உறவில் இருவரும் ஒருவரையொருவர் 'கொம்பாத்ரே' என்று மரியாதையாகக் கூப்பிட்டுக்கொண்டு, மரியாதையில்லாமல் சண்டை போடுவார்கள்.

"கொம்பாத்ரே, போன வருஷம் ஒரு ரொட்டிக்கடைக்காரர் படத்தை ஏத்தினீங்க. அவர் பொண்ணு வந்து, 'எங்கப்பா நேப்பிள்ஸ்காரர், படத்தைக் கொடுங்க'ன்னு அழுதுட்டு வாங்கிட்டுப் போச்சு. மறந்துட்டீங்களா?"

"நேப்பிள்ஸ் துறைமுகம்தானே? நம்ம கப்பல் போகாத துறைமுகமா?"

"ஆதாரம் கேட்டா கப்பலை விடறீங்களே!"

"ரொட்டியைத் தோய்ச்சுத் தின்னதை என் கண்ணால பார்த்தேன்."

"மயக்க மருந்து கொடுத்தா நானுந்தான் எல்லாம் பார்ப்பேன். சரி, ஒரே பேச்சு. அந்த டாக்டர் நம்ம ஆளு இல்லைன்னு தெரிஞ்சா, சுவர்ச் சாவி அன்னிக்கே என் கைக்கு வரணும். அப்புறம் இந்த மண்டபத்துக்குள்ள 'நம்ம ஆளு'ன்னு நீங்க வாயைத் திறக்கக்கூடாது."

பெல்மீரோ சங்கிலியைத் தொட்டுக்கொண்டு, "சரி" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் அவர் மனைவி எர்மெலிந்தா கேட்டாள்: "டாக்டருக்கு ஒரு போன் போட்டுக் கேட்டா என்ன?"

"நம்பிக்கை இல்லாதவன் கேப்பான்."

"நெஞ்சுக்கு வால்வு வச்ச மகராசன் அப்படியே வாய்க்கும் ஒண்ணு வச்சிருக்கலாம்" என்றாள் அவள், வெங்காயத்தை நறுக்கிக்கொண்டே.

விருந்து நாளான ஞாயிற்றுக்கிழமை மதியம் வந்தது. இருநூற்று எண்பது பேர். டாக்டர் ரோஜர்ஸ் ஐம்பது வயதுக்காரர், நெட்டை, கூச்ச சுபாவம். கேல் கீரையும் உருளைக்கிழங்கும் சொரீசோ சாசேஜும் போட்ட சூப்பை ஒரு கிண்ணம் குடித்தார். இரண்டாவது கேட்டார். மூன்றாவதை ரொட்டியால் வழித்துத் துடைத்தார். பெல்மீரோ ஒவ்வொரு கிண்ணத்துக்கும் குவால்த்தெர் பக்கம் திரும்பி ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வையை எழுத எனக்கு ஒரு அத்தியாயம் வேண்டும்.

பிறகு மேடையேறினார். டாக்டரின் தாத்தா ரொத்ரீகெஸ், கையில் அட்டைப் பெட்டியோடு பனியில் இறங்கிய காட்சியை அவர் சொல்லச் சொல்ல, மண்டபமே கைக்குட்டையை எடுத்தது. பெட்டியில் கட்டியிருந்த கயிறு அறுந்து போனதுவரை சொன்னார். எனக்கே கண் கலங்கியது. கற்பனை என்று தெரிந்தும் கலங்கியது.

டாக்டர் எழுந்தார். முகம் சிவந்திருந்தது.

"மன்னிச்சிடுங்க. எங்க தாத்தா வேல்ஸ்காரர். அவரோட தாத்தாவும் வேல்ஸ்தான். நாங்க எப்பவுமே ரோஜர்ஸ்தான். என்கிட்ட சிகிச்சை எடுத்தவங்க சேர்ந்து கூப்பிடறாங்கன்னு நினைச்சு வந்துட்டேன்."

கரண்டிகள் நின்றன. குழந்தைகள்கூட நின்றன. மேடையில் பெல்மீரோவின் பத்தொன்பது வருடம் நிமிர்ந்திருந்த தோள் மெல்ல இறங்கியதைப் பார்த்தபோது, ஐயோ, என் நெஞ்சுக்கே ஒரு வால்வு தேவைப்பட்டது. டாக்டர் தாவிப்போய் அவர் கையைப் பிடித்து நாடி பார்த்தார். நாடி நன்றாகத்தான் இருந்தது. மானம்தான் போயிருந்தது.

பெல்மீரோ சங்கிலியைக் கழற்றினார். சாவியை உருவிக் குவால்த்தெரிடம் நீட்டினார். "சொன்ன சொல்லு சொல்லுதான், கொம்பாத்ரே."

குவால்த்தெர் ஜெயித்துவிட்டார். ஆனால் ஜெயித்தவர் முகமா அது? சாவியை வாங்கிய கை வாங்கியபடியே இருக்க, டாக்டரை மேலும் கீழும் பார்த்தார். இவ்வளவு நல்ல டாக்டர். மூன்று கிண்ணம் சூப் குடித்த டாக்டர். இவரைப் போய் வேல்ஸ்காரர்களுக்குத் தூக்கிக் கொடுத்துவிடுவதா?

"டாக்டர், அம்மா வழி?"

"ஸ்காட்லாந்து."

"பாட்டி?"

"அவங்களும்."

"சம்சாரமாவது?"

"நார்வே."

"என்னங்க டாக்டர் நீங்க!" குவால்த்தெர் தலையில் கை வைத்துக்கொண்டார். "சின்ன வயசுல எங்க இருந்தீங்க?"

"இதே ஊர்லதான். ஒரு மூணு மாடி மர வீட்டுல மேல்மாடி. கீழ்மாடியில வீட்டுச் சொந்தக்காரம்மா, மிசஸ் அருடா, இருந்தாங்க."

அருடா! அசல் அசோர்ஸ் பெயர்! மண்டபத்தில் ஒரு சலசலப்பு ஓடியது.

"எங்கம்மா மில்லுக்குப் போயிடுவாங்க. நான் பள்ளிக்கூடம் விட்டதும் மிசஸ் அருடா வீட்டுலதான் சாப்பாடு. இதே சூப். இதே மாதிரி ரொட்டியைத் தோய்ச்சு. அவங்கதான் சொல்லிக்கொடுத்தாங்க."

"எத்தனை வருஷம்?"

"ஒன்பது."

"ஒன்பது வருஷம்!" குவால்த்தெர் மேஜையில் ஓங்கிக் குத்தினார். "அந்த எலும்பெல்லாம் எதுல வளர்ந்தது? வேல்ஸ்லயா? நம்ம சூப்புல வளர்ந்தது! நம்ம ஆளு!"

இப்போதுதான் வேடிக்கை. பெல்மீரோ தலையை ஆட்டினார். "இல்ல கொம்பாத்ரே. சூப்பு வேற, ரத்தம் வேற. சுவருக்குன்னு ஒரு மரியாதை இருக்கு."

"யாரு, நீங்களா பேசறது? விளக்குப் பிடிக்கிறவனோட உதவியாளை வரைக்கும் சேர்த்த மனுஷன்!"

"அவன் பொத்தேல்யோ! சுத்த ரத்தம்!"

"சாவி என்கிட்ட இருக்கு. நான் சொல்றேன், ஏத்தணும்!"

"நான் தோத்தவன்தான். ஆனா தோத்தவனுக்கும் மனசாட்சி உண்டு. ஏத்தக்கூடாது!"

"நான் வேணா கிளம்பட்டுமா?" என்றார் டாக்டர்.

"உக்காருங்க!" என்று இருவரும் ஒரே குரலில் கத்தினார்கள்.

அப்போது எர்மெலிந்தா சமையலறையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். சண்டை போடுகிற இருவரையும் அவள் பார்க்கவே இல்லை. டாக்டரிடம் கேட்டாள்: "அந்த அம்மா இப்ப இருக்காங்களா?"

"இல்லீங்க. நான் காலேஜ்ல சேர்ந்த வருஷம் போயிட்டாங்க." டாக்டர் பர்ஸைத் திறந்தார். அஞ்சல் தலை அளவில் ஒரு பழைய படம். ஏப்ரன் கட்டிய குண்டு அம்மா ஒருத்தி, வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றாள். "பாஸ்டனுக்குப் போறப்ப ரெண்டு ரொட்டி கட்டிக்கொடுத்தாங்க. இந்தப் படத்தையும் கொடுத்து, 'பசிச்சா இங்க ஒருத்தி இருக்கான்னு நினைச்சுக்கோ'ன்னாங்க."

எர்மெலிந்தா படத்தை வாங்கிப் பெல்மீரோவின் மூக்குக்கு நேரே பிடித்தாள். "உங்க சுவத்துல எழுபது லாரிக்காரன் இருக்கான், நீதிபதி இருக்கான். மேல்மாடி வீட்டுப் புள்ளைக்கு ஒன்பது வருஷம் சோறு போட்டு, உங்க நெஞ்சைத் தைக்கிற கையை வளர்த்து விட்டவ இருக்காளா? இவ எத்தனை சதவீதம்? கணக்குப் போட்டுச் சொல்லுங்க பார்ப்போம்."

பெல்மீரோ படத்தைப் பார்த்தார். "நூறு" என்றார்.

குவால்த்தெர் கண்ணாடிக் கதவைத் திறந்தார். நடுவில் இருந்த நீதிபதி கொஞ்சம் நகர்ந்துகொள்ள வேண்டியிருந்தது. அஞ்சல் தலை அளவுப் படம் பெரிய சட்டத்துக்குள் ஏறியது. டாக்டரின் படம் அதற்குக் கீழே, 'மிசஸ் அருடா வீட்டுப் பிள்ளை' என்ற எழுத்தோடு. மண்டபம் முழுக்க அழுதது. நான் சத்தமாகவே அழுதேன். எனக்கு வெட்கமில்லை.

சாவி? அது குவால்த்தெரிடம்தான். திருப்பிக் கொடுத்தும் பெல்மீரோ வாங்கவில்லை. இரண்டு நாள் கடையில் ஈ ஓட்டினார். சொன்ன சொல்லைக் காப்பாற்றிக்கொண்டு, பேச ஒன்றும் இல்லாமல், துடைத்த பீங்கான் ஓட்டையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் காலை குவால்த்தெர் பத்திரிகையோடு மூச்சிரைக்க ஓடிவந்தார்.

"கொம்பாத்ரே! ஆஸ்திரேலியாவுல ஒருத்தன் நீச்சல்ல மெடல் வாங்கியிருக்கான். பேரு ஓக்ஸ். ஓக் மரம்னா நம்ம பாஷையில கார்வால்யோதானே? மில்லுல மாத்தியிருப்பானுங்களோ?"

"ஆஸ்திரேலியாவுல ஏது நம்ம மில்லு?"

"அவங்க தாத்தா இங்க இருந்துட்டுப் போயிருக்கலாமே!"

பெல்மீரோ அவரை உற்றுப் பார்த்தார். பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பத்திரிகையை வெளிச்சத்தில் பிடித்தார். "மண்டபத்துக்குள்ளதானே பேசக்கூடாது? இது கடை. மூக்கைப் பாருங்க, கொம்பாத்ரே."

இப்போது எங்கள் தெருவில் அந்த இனத்தில் இரண்டு பேர்.

வாசகர்களே, சிரித்துவிட்டீர்களா? நல்லது. நாம் அப்படியில்லை என்று ஒரு நிம்மதியும் வந்திருக்குமே! அப்படியானால் சென்ற வாரம் ஏதோ ஒரு தூர தேசத்தில் யாரோ ஒருவர் மந்திரியானதும், 'இவங்க அம்மா பக்கம் தஞ்சாவூர், பெருமையோடு பகிரவும்' என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் காலை ஐந்தரைக்கே போட்டது யார்? நான் உங்களைக் குற்றம் சொல்லவில்லை. செய்தியில் ஒரு சின்னத் தவறு இருக்கிறது, அவ்வளவுதான். அந்த அம்மா தஞ்சாவூர் இல்லை. நான் நன்றாக விசாரித்துவிட்டேன்.

எங்கள் ஊர்ப் பக்கம்.