தவளைச் சகுனம்

பெண் பிடித்துவிட்டது, ஜாதகம் பொருந்திவிட்டது, கேசரியும் தீர்ந்துவிட்டது. அதற்கப்புறம்தான் மாப்பிள்ளையின் தகப்பனார் முத்துக்குமாரசாமி அந்தக் குண்டைப் போட்டார்.

"சாயந்தரம் எல்லாருமா குளத்துப் பக்கம் ஒரு நடை போவோம். தவளைச் சத்தம் கேக்கணும். கேட்டுட்டு முடிவு சொல்லுதேன்."

பெண்ணின் தகப்பனார் தில்லைநாயகம் அடுக்களைக்கு ஓடினார். மகள் மங்களேஸ்வரிக்கு ஏற்கெனவே மூன்று வரன் தட்டிப்போயிருந்தது. இந்த மாப்பிள்ளைக்கோ தென்காசியில் சர்க்கார் வேலை. கல்யாணமானதும் இலஞ்சியில் மாமனார் வீட்டு மாடியிலேயே குடித்தனம் என்றுகூடப் பேசியாகிவிட்டது. இதையும் கைநழுவ விட்டால் மகள் முகத்தில் எப்படி விழிப்பது?

"இதென்ன கூத்து?" என்றாள் மனைவி வடிவாம்பாள்.

"நமக்குப் பல்லி சொன்னாச் சகுனம். அவுகளுக்குத் தவளை போலிருக்கு. குடும்ப வழக்கத்தைக் குறை சொல்லப்பிடாது."

"சாரலே இல்லாத வருசத்துல எந்தத் தவளை வந்து கத்தும்?"

தில்லைநாயகத்தின் பார்வை, கேசரிச் சட்டியைச் சுரண்டிக்கொண்டிருந்த மைத்துனன் வீரபாகுவின்மேல் விழுந்தது. கோயில் கொடைத் திருவிழாவில் நாய், நரி, தாசில்தார் எல்லோரையும்போலக் குரல் கொடுத்துக் கைதட்டல் வாங்குகிறவன் அவன்.

"அத்தான், குளத்துல அட்டை கெடக்கு" என்று முந்திக்கொண்டான் வீரபாகு.

"ஒன் மருமவ கல்யாணம்லே! போய்க் கோரைக்குள்ள இறங்கு. நான் கனைச்சா நீ கத்து."

பொழுது சாயும் நேரத்தில் இரு வீட்டாரும் குளக்கரையில் போய் நின்றார்கள். குளம் கப்சிப் என்று கிடந்தது. முத்துக்குமாரசாமியின் முகத்தில் லேசாகச் சிரிப்பு வந்தது. மனுஷர் ஏமாற்றத்தை மறைக்கிறார் என்று நினைத்துத் தில்லைநாயகம் கனைத்தார்.

கோரைக்குள்ளிருந்து ஒரு "க்ராக்!"

சிரிப்பு மறைந்தது. "ஒண்ணே ஒண்ணுதானோ?" என்றார் முத்துக்குமாரசாமி.

"ஒண்ணா! அது சும்மா தொண்டையைச் சரி பண்ணுது. கச்சேரி இனிமேத்தான்."

தில்லைநாயகம் மறுபடி பலமாகக் கனைத்தார். வீரபாகு குட்டித் தவளை, கிழட்டுத் தவளை என்று ஒரு குடும்பத்தையே இறக்கினான்.

"உங்க வீடு வரைக்கும் கேக்குமோ?"

"நல்லாக் கேட்டியளே! மாடி ரூம்புல படுத்தா, தலைமாட்டுல உக்காந்து கத்துத மாதிரி இருக்கும்."

"ராத்திரி நிறுத்திருமா?"

"நிறுத்தவா! விடிய விடியல்லா கத்தும்!"

அப்போது கோரை, "யம்மா!" என்று அலறியது. அட்டை கடித்துவிட்டது.

"அது என்ன தவளை?" என்று மாப்பிள்ளையின் தாயார் மிரண்டாள்.

"அது செங்கோட்டைத் தவளை. மலையாளத்துக்காரன்கிட்ட இருந்த ஊரு நம்ம பக்கம் சேந்ததுலேருந்து அதுவும் இங்கன வந்துட்டு. பாஷைதான் இன்னும் சரியாப் படியல."

செங்கோட்டைத் தவளை வேட்டியைத் தூக்கிக்கொண்டு வாழைத்தோப்புக்குள் ஓடியது. நல்லவேளை, இருட்டத் தொடங்கியிருந்தது. "பன்னி" என்றார் தில்லைநாயகம், யாரும் கேட்பதற்கு முன்பே.

குளம் மறுபடி அடங்கிப்போயிற்று.

"நின்னுட்டே" என்றார் முத்துக்குமாரசாமி.

தில்லைநாயகம் சுற்றுமுற்றும் பார்த்தார். "ஒண்ணுக்குப் போயிட்டு இந்தா வந்திருதேன்" என்று தாழம்புதருக்குப் பின்னால் போய்க் குத்தவைத்தார். சரிகை வேட்டியும் விபூதியுமாக, தொண்டையைத் திறந்து தவளையாகக் கத்தினார். முதலில் வெட்கமாக இருந்தது. மங்களேஸ்வரி மாலையும் கழுத்துமாக நிற்பதை நினைத்துக்கொண்டார், வெட்கம் போய்விட்டது. தொண்டை கம்மும்வரை கத்தினார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, பெற்ற பாசம் பாதி, தாழை முள் பாதி.

திரும்பி வந்தபோது முத்துக்குமாரசாமி கும்பிட்டபடி நின்றார்.

"ஊருக்குப் போயி லெட்டர் போடுதோம்" என்றவர், குடும்பத்தை ஓட்டிக்கொண்டு போய்க் காரில் ஏறிவிட்டார்.

லெட்டர் போடுகிறோம் என்றால் என்ன அர்த்தம் என்பது மூன்று வரன் பார்த்தவருக்குத் தெரியாதா? தில்லைநாயகம், வாடகைக் கார் டிரைவர் ஆதமைக் கையைப் பிடித்துத் தனியே இழுத்தார்.

"தம்பி, தவளை இன்னும் கொஞ்சம் கத்தியிருக்கணுமோ?"

ஆதம் அவரைப் பரிதாபமாகப் பார்த்தான்.

"தவளைச் சத்தம் கேட்டா மாப்பிள்ளைக்குப் பொட்டுத் தூக்கம் கெடையாதாம் அண்ணாச்சி, 'ஒரு தவளையும் கத்தாட்டா நாளைக்கே நிச்சயத்தை முடிச்சிருவோம்'னுல்லா வண்டியில பேசிட்டு வந்தாவ!"