பள்ளத்துக்கு வந்த குற்ற உணர்வு

ஒரு பள்ளத்தை மூடுவதற்கு முன் தன் மனத்தைத் திறந்து பார்த்த அலுவலகம் உலகிலேயே ஒன்றுதான். விழுப்புரத்தின் 'பள்ளப் பராமரிப்புப் பிரிவு'.

திண்டிவனத்து ரிஷபநாதன் மனைவி சந்திரவதியிடம் கடைசியாகக் கேட்டது, சட்னிக்கு மல்லாட்டைக் கடலை வறுத்தாயிற்றா என்பது. பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிடும் சமணக் குடும்பம். கறிவேப்பிலை வாங்கிக்கொண்டு அவசரமாகத் திரும்பியவர், பிரிவு தோண்டிவிட்டு மூடாமல் போன தெருமுனை ஆறடிப் பள்ளத்தில் விழுந்தார். எழவில்லை.

பள்ளத்தை மூடச் சொல்லி சந்திரவதி ஏழு மனு போட்டாள். ஏழாவதில் அலுவலகம் உருகிவிட்டது. ஊழியர் அனைவருக்கும் மனநலப் பயிற்சி ஏற்பாடானது. 'பாதிப்பு மாதிரி' என்ற தகுதியில் அவளுக்கும் அழைப்பு.

பயிற்சியாளர் அலெக்ஸ் விளக்கினார்: செய்தது தப்பு என்று உறுத்தினால் குற்ற உணர்வு, அது சரிசெய்யச் சொல்லும். ஊர் பார்த்துவிட்டதே என்று கூசினால் அவமானம், அது மறைக்கச் சொல்லும்.

அதிகாரி அன்புச்செல்வன் நெஞ்சைத் தடவிப் பார்த்துக்கொண்டு எழுந்தார்.

"சார், பேப்பர்ல பள்ளத்து போட்டோ வந்த அன்னிக்குதான் எனக்கு பேஜாரா இருந்துச்சு. அதுவரைக்கும் நல்லாத்தான் தூங்கிக்கினு இருந்தேன்."

"அப்ப அது அவமானம் சார்."

அன்புச்செல்வன் முகம் மலர்ந்தது. பள்ளத்தைச் சுற்றிப் பச்சைத் துணி கட்ட அங்கேயே உத்தரவிட்டார்.

அடுத்து, உணர்வுகளைப் பகிரும் கட்டம். சந்திரவதி வீட்டு வழக்கப்படி வருஷத்தில் ஒருநாள், தப்பு யார்மீது என்று பாராமல் எதிர்ப்படுகிற எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்பார்கள். அன்று அந்த நாள். எழுந்தவள் கைகூப்பினாள்.

"தெரிஞ்சோ தெரியாமலோ உங்க மனசு நோவ எதுனா பண்ணியிருந்தா மன்னிச்சிடுங்க. அவரை ஜல்தியா வரச் சொன்னதும் நான்தான்."

இதுதான் கலப்படமற்ற குற்ற உணர்வு என்றார் அலெக்ஸ். எல்லோரும் கைதட்டினார்கள். அன்புச்செல்வன் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"மன்னிச்சிட்டோம்மா. இனிமே யாரையும் அவசரப்படுத்தாதீங்க."

"பள்ளம் என்னாச்சுங்க?"

"அதான் துணி கட்டச் சொல்லிட்டனேம்மா."

மறுவாரம் கடிதம் வந்தது. 'தீவிர விசாரணையில் குற்ற உணர்வு மனுதாரரிடமே கண்டறியப்பட்டது. அவரது மன்னிப்பு கனிவுடன் ஏற்கப்பட்டு, கோப்பு முடிக்கப்படுகிறது.'

சந்திரவதி தெருமுனைக்குப் போனாள். அலுவலகத்தின் அவமானம் நான்கு பக்கமும் நேர்த்தியாக மூடப்பட்டிருந்தது. துணியை விலக்கிப் பார்த்தாள். அதே ஆறடி.