பின்னால் போய்ப் பார்த்த மாஸ்டர்

தெரியாத வேலைக்குப் போகிறவன் வாயை மூடிக்கொண்டிருந்தால் பாதி தப்பிக்கலாம். நான் மூடிக்கொண்டுதான் இருந்தேன். கால்தான் கெடுத்தது.

அப்போது ஜோகுபாளையத்தில் போர்டு எழுதிக்கொண்டிருந்தேன். கடைப் பெயர், சுவர் விளம்பரம், லாரி நெற்றி. படிப்பு ஐந்தாவது. அடுகோடி ஏரியாவில் ஸ்டெல்லா என்ற பெண்ணை எனக்குப் பேசினார்கள். எனக்குப் பிடித்திருந்தது. அவள் அண்ணன் அந்தோணிக்குப் பிடிக்கவில்லை. ஏணி மேல் நிற்கிறவனுக்குத் தங்கையைக் கொடுக்க முடியாது என்றார்.

என் அண்ணி விடுகிற ஆள் இல்லை. "ஏணியா? அவன் இப்ப மாஸ்டர். ஞாயித்துக்கிழமை சர்ச் ஹாலுக்கு வந்து பாருங்க" என்று சொல்லிவிட்டு வந்தாள். (எனக்கே பிறகுதான் சொன்னாள்.) கிறிஸ்துமஸுக்குக் கையாலேயே வாழ்த்து அட்டை செய்கிற பெண்களுக்கு அழகாக எழுதக் கற்றுத்தர வேண்டுமாம்.

பூசை முடிந்ததும் ஹாலுக்குப் போனேன். பெண்கள் பேனாவும் இங்க் புட்டியுமாக உட்கார்ந்திருந்தார்கள். எனக்குப் பேனா வராது. பையில் இருந்த எனாமல் பெயிண்டையும் பட்டை பிரஷ்களையும் கொடுத்தேன். ஒரு அட்டையை விரித்து, உள்ளே ஓர் எழுத்து எழுதிக் காட்டினேன். அட்டை நிறைந்துவிட்டது.

"மிச்சத்த எங்க எழுதறது மாஸ்டர்?" என்று ஒரு டீச்சரம்மா கேட்டார்.

"அடுத்த அட்டைல."

உட்கார முடியவில்லை. வாசலுக்கும் மேசைக்கும் நடந்தேன். கடைசியில் அந்தோணி வந்தார். வெள்ளைச் சட்டை, வெள்ளைப் பேண்ட். கூட ஸ்டெல்லா. நான் மாஸ்டர் மாதிரி ஏதாவது சொல்லியாக வேண்டும். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். சுவரில் எழுதினால் பின்னால் போய்ப் பார்ப்போம். அப்போதுதான் கோணல் தெரியும்.

"எல்லாரும் எழுந்து பின்னால போங்க. திரும்பக் கூடாது. கண்ணு எழுத்து மேலயே இருக்கணும்."

போனார்கள். ஆளுக்கொரு நனைந்த பிரஷ் கையில். நானும் போனேன், பெயிண்ட் டப்பாவோடு. எல்லோருக்கும் பின்னால் அந்தோணி நின்றிருந்தார்.

(நீலம் என்னுடையது. சிவப்பு டீச்சரம்மாவுடையது.)

டர்பன்டைனில் துணியை நனைத்து அவர் பேண்ட்டைத் துடைத்தேன். இரண்டும் கலந்து முட்டி வரை ஊதாவானது. அவர் கத்தவில்லை. தங்கையிடம் "கெளம்பு" என்றார். அவள் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்தேன். போகும்போது நான் எழுதிய அட்டையை மூடி, கைப்பையில் வைத்துக்கொண்டாள். எனாமல் காய ஒரு ராத்திரி ஆகும்.

சம்பந்தம் போய்விட்டது என்று மறுநாள் ஏணி ஏறிவிட்டேன். கீழே அண்ணி வந்து நின்றாள். ஸ்டெல்லா சொல்லி அனுப்பியிருந்தாள்: "அட்டை ஒட்டிக்கிச்சு. எழுதினவரே வந்து தொறந்து குடுக்கட்டும்."

போனேன். அட்டை கிழிந்தது. கல்யாணம் ஆனது. அண்ணனை எப்படிச் சம்மதிக்க வைத்தாள் என்று நான் கேட்டதில்லை.

மகள் பிறந்து, ஞானஸ்நானம் முடிந்து தொட்டிலில் போட்டார்கள். முகத்தைப் பார்த்தேன். கால் தானாகப் பின்னால் போனது.

"தள்ளிக்குங்க, மாஸ்டர் பாக்கறாரு" என்றாள் ஸ்டெல்லா.

அந்தோணி பிரியாணித் தட்டோடு எழுந்து சுவரோரம் போய் நின்றார். இப்போது அந்த மகளுக்கே கல்யாணம் ஆகிவிட்டது. நான் எதையாவது உற்றுப் பார்த்தால் இன்னும் எழுந்துகொள்கிறார்.